க்யூஆர் கோடும் அதே போன்ல, ஸ்கேனரும் அதே போன்ல: எங்க மாட்டுதுன்னு ஒண்ணொண்ணா பாப்போம்

போன மாசம் ஒரு நாள் ராத்திரி ஒம்பதரைக்கு மாமா கூப்பிட்டாரு. "டேய், கோடு என் போன்ல இருக்கு, கேமராவும் என் போன்ல தான் இருக்கு, இப்ப நான் எத எதுக்கு காட்டுறது?" சிரிச்சிட்டேன், ஆனா கேள்வி நியாயமான கேள்வி தான். இந்த க்யூஆர் கோட 1994ல ஜப்பான்ல டென்சோ கம்பெனிக்காரங்க கண்டுபிடிச்சது கார் பாகங்கள ட்ராக் பண்றதுக்கு, பெட்டி மேல கோடு ஒட்டியிருக்கும், ஆள் கைல ஸ்கேனர் இருக்கும், ரெண்டும் தனித்தனி. ரெண்டும் ஒரே டப்பாக்குள்ள வந்து உக்காரும்னு அப்ப யார் நெனச்சிருப்பா.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், இத புரிஞ்சிக்கிட்டா கீழ இருக்குறதுல பாதி தேவையில்ல. க்யூஆர் கோடுங்கிறது ஒரு வரி எழுத்து, அவ்ளோ தான். அந்த எழுத்த கட்டம் கட்டமா வரைஞ்சு வெச்சிருக்காங்க. அதனால அதே போன்ல கோடு வந்தா கேமராவ மறந்துட்டு ரெண்டு கேள்வி கேளுங்க: இந்த படத்த அப்படியே ஆப் கைல குடுக்க முடியுமா? இல்லன்னா உள்ள இருக்குற எழுத்து பக்கத்துலயே எங்கயாவது எழுதியிருக்கா? கோடுக்கு கீழ பொடி எழுத்துல "கேன்ட் ஸ்கேன்"னோ "என்டர் மேனுவலி"ன்னோ ஒரு லிங்க் இருக்கும், முக்காவாசி பேர் அத பாக்குறதே இல்ல.

"கோடு ஸ்க்ரீன்ல நிக்குது, என்ன பண்றதுன்னே தெரியல"

ஐபோனா இருந்தா ஐஓஎஸ் 15க்கு அப்பறம் ரொம்ப ஈஸி. சஃபாரிலயோ ஃபோட்டோஸ்லயோ கோடு இருக்குற படத்து மேல வெரல வெச்சு அழுத்தி புடிங்க, மெனு வரும், அதுல லிங்க் திறக்கவா, வைஃபைல சேரவான்னு அந்த கோடுக்கு ஏத்த மாதிரி கேக்கும். அழுத்துனா ஒண்ணும் வரலன்னா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஃபோட்டோஸ்ல போயி அங்க அழுத்துங்க.

ஆண்ட்ராய்டுல வழி நெறைய இருக்கு, அது தான் குழப்பமே. குரோம்ல படத்த அழுத்தி புடிச்சா கூகுள் லென்ஸ்ல (படத்துல இருக்குறத படிச்சு சொல்ற கூகுள் வசதி) தேடுன்னு வரும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கூகுள் ஃபோட்டோஸ்ல திறந்தா கீழ லென்ஸ் பட்டன் இருக்கும். 2024க்கு அப்பறம் வந்த பல சாம்சங், பிக்சல் போன்ல ஹோம் பட்டன அழுத்தி புடிச்சா சர்க்கிள் டு சர்ச் வரும், அது ஸ்க்ரீன்ல நிக்கிற கோட அங்கயே படிச்சிடும், ஸ்க்ரீன்ஷாட்டே வேணாம். இருக்குறதுலயே எனக்கு புடிச்சது இது தான்.

ஒரு சில சைட்ல படத்த அழுத்துனா மெனுவே வராது. அந்த கோடு படமா இல்லாம அங்கயே வரையப்பட்டது, அதனால ப்ரௌசர் அத படமாவே மதிக்காது. உங்க போன் மேல தப்பில்ல. ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டு போங்க.

"ஸ்க்ரீன்ஷாட் எடுத்தா கருப்பா வருது, இல்ல எடுக்கவே விட மாட்டேங்குது"

பேங்க் ஆப் நெறைய இப்படி தான், வேணும்னே பூட்டி வெச்சிருக்காங்க. குரோம்ல இன்காக்னிட்டோ டேப்னாலும் ஆண்ட்ராய்டு விடாது, அப்போ அதே பக்கத்த சாதா டேப்ல திறந்து எடுங்க, முடிஞ்சது. பேங்க் ஆப்னா அந்த ஆப்லயே ஷேர் பட்டனோ டவுன்லோட் பட்டனோ இருக்கான்னு பாருங்க. பூட்ட ஒடைக்கிறதுக்குன்னு ப்ளேஸ்டோர்ல ஏதாவது ஆப் தேடி போட்டு வெக்காதீங்க, சொல்லிட்டேன்.

"ஸ்க்ரீன்ஷாட் இருக்கு, ஆனா ஆப்புக்குள்ள கேலரிய திறந்தா அது மட்டும் இல்ல"

இது நெறைய பேருக்கு நடக்குது, ஆனா யாரும் காரணம் சொல்றதில்ல. அந்த ஆப்ப மொதல் தடவ திறந்தப்போ போட்டோ பாக்கலாமான்னு கேட்டிருக்கும், நீங்க "செலக்ட் பண்ணது மட்டும்"னு குடுத்திருப்பீங்க. ஐபோன்லயும் அது உண்டு, ஆண்ட்ராய்டு 14லேர்ந்து அங்கயும் உண்டு. அன்னைக்கு காட்டுன நாலு போட்டோ தான் இன்னைக்கும் அந்த ஆப்புக்கு தெரியும், இப்ப எடுத்தது தெரியாது. செட்டிங்ஸ்ல அந்த ஆப்போட பர்மிஷன்ல போயி புது படத்தையும் சேத்து விடுங்க.

"க்யூஆர் கோடே இல்லன்னு சொல்லுது"

படம் கண்ணு முன்னாடி இருக்கும், ஆப் மட்டும் இல்ல இல்லன்னு சாதிக்கும். படத்த கொஞ்சம் உத்து பாருங்க. மூணு மூலைல பெரிய சதுரத்துக்குள்ள சின்ன சதுரம் இருக்கும்ல, மேல ரெண்டு, கீழ இடது பக்கம் ஒண்ணு, அத வெச்சு தான் ஆப் "ஓ இங்க ஒரு கோடு இருக்கு"ன்னே கண்டுபிடிக்கும். அதுல ஒண்ணு அரைகுறையா வெட்டுப்பட்டிருந்தாலும் கத முடிஞ்சது. நடுவுல லோகோ ஒட்டியிருக்காங்களே அது எப்படி வேல செய்யுதுன்னு கேப்பீங்க, கோடுலயே திருத்திக்கிற வசதி இருக்கு, 7 சதவீதத்துலேர்ந்து 30 சதவீதம் வரைக்கும் அழிஞ்சாலும் படிச்சிக்கும், எவ்ளோன்னு கோடு உருவாக்குறவங்க முடிவு பண்றாங்க. ஆனா மூல சதுரத்துக்கு அந்த சலுக கெடையாது.

அடுத்தது வெள்ள ஓரம். கோட சுத்தி நாலு குட்டி கட்டம் அகலத்துக்கு வெள்ளையா காலி எடம் விடணும்னு விதியே இருக்கு. நம்மாளுங்க ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டு "நல்லா ஒட்டி க்ராப் பண்ணுவோம்"னு கருப்ப ஒட்டி வெட்டிடுறாங்க, அப்பறம் கருப்பு தீம் கேலரில திறந்தா கோடு எது பின்னணி எதுன்னு ஆப்புக்கு தெரியல. க்ராப் பண்றதே தேவையில்ல, பண்ணா கொஞ்சம் தாராளமா விட்டு பண்ணுங்க. ஆனா ஒரே படத்துல ரெண்டு கோடு இருந்தா, கட பலகைல பக்கத்து பக்கத்துல ஒட்டியிருப்பாங்களே அந்த மாதிரி, அப்ப கண்டிப்பா வேண்டியத மட்டும் வெட்டி எடுங்க, இல்லன்னா அது எதயோ எடுத்துக்கும்.

டார்க் மோட் இன்னொரு தொல்ல. சில கோடு பின்னணியே இல்லாம வெறும் கருப்பு கட்டமா மட்டும் சேவ் ஆகியிருக்கும், வெள்ளையா இருந்த மெயில்ல நல்லா தெரியும், டார்க் மோட்ல கருப்பு மேல கருப்பா காணாம போயிடும். இல்லன்னா நிறமே தலகீழா மாறி கருப்புல வெள்ளையா நிக்கும், லென்ஸ் படிச்சாலும் படிக்கும், சில ஆப் படிக்காது. டார்க் மோட அணைச்சிட்டு திரும்ப ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, பாதி கேஸ் இதுலயே தீந்துடும்.

அப்பறம் மங்கல். வாட்ஸப்ல போட்டோவா அனுப்புனா அது அமுக்கி தான் அனுப்பும், நாலு பேர் கை மாறி வந்த கோடு சாம்பாராயிடும். அனுப்பினவங்கள டாக்குமெண்டா அனுப்ப சொல்லுங்க. பிடிஎஃப்ல இருந்தா மொதல்ல கோட ஸ்க்ரீன் முழுக்க வர்ற அளவுக்கு பெருசாக்கிட்டு அப்பறம் ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, சின்னதா எடுத்துட்டு கேலரில போயி பெருசாக்குனா ஒரு பிரயோஜனமும் இல்ல. உள்ள எழுத்து கூட கூட கட்டமும் கூடும், சின்ன கோடு 21க்கு 21 கட்டம், பெருசு 177க்கு 177 வரைக்கும் போகும், அவ்ளோ பொடியா இருந்தா கொஞ்சம் மங்குனாலும் போச்சு.

இன்னொரு போன்ல உங்க ஸ்க்ரீன போட்டோ எடுத்து அத திரும்ப உங்களுக்கே வாட்ஸப் பண்றவங்களும் இருக்காங்க. அந்த போட்டோல அல அலயா வரி விழும், ஆப் படிக்காது. ஸ்க்ரீன்ஷாட்டையே அவங்களுக்கு அனுப்பிட்டு அவங்க ஸ்க்ரீன்ல திறந்து உங்க கேமராவால ஸ்கேன் பண்ணுங்க, அது தான் சரி.

"பணம் கட்டணும், கோடு வாட்ஸப்ல வந்துருக்கு"

ஜிபே, போன்பே, பேடிஎம் எதுவா இருந்தாலும் ஸ்கேன் பண்ற பக்கத்துல ஓரமா கேலரி பட்டன் ஒண்ணு இருக்கும், அதுல ஸ்க்ரீன்ஷாட்ட எடுத்து குடுங்க. சின்ன தொகைன்னா போயிடும். 2000 ரூபாய்க்கு மேலன்னா கேலரிலேர்ந்து எடுத்த கோடுக்கு அனுமதி இல்லன்னு சொல்ற ஆப் இருக்கு, உடனே ஆப் கெட்டுப்போச்சுன்னு அழிச்சிட்டு திரும்ப போடாதீங்க, அது வேணும்னே வெச்ச வரம்பு. எங்கயோ உக்காந்துக்கிட்டு கோட அனுப்பி ஏமாத்துறவன் நெறைய, நேர்ல கடைல நின்னு கேமராவால ஸ்கேன் பண்றவன இது தொடாது.

அப்போ பெரிய தொகைக்கு? தெரிஞ்சவங்கன்னா யூபிஐ ஐடியோ போன் நம்பரோ கேட்டு வாங்கி அதுல போடுங்க. கோட லென்ஸ்ல குடுத்தா உள்ள இருக்குற எழுத்து வரும், அதுல "பிஏ"ன்னு ரெண்டு எழுத்துக்கு அப்பறம் சமக்குறி போட்டு நிக்கிறது தான் அவங்க யூபிஐ ஐடி. ஆனா ஏதாவது வெப்சைட்ல பொருள் வாங்கும்போது வர்ற கோடுக்கு இந்த வேல பண்ணாதீங்க, அந்த கோடுக்குள்ள ஆர்டருக்கான ரெஃபரன்ஸும் சேந்து இருக்கும், நீங்க ஐடிய மட்டும் எடுத்து பணம் போட்டா பணம் போயிடும், ஆர்டர் மட்டும் "பேமெண்ட் பெண்டிங்"னு முழிச்சிக்கிட்டு நிக்கும். நானே ஒரு தடவ 640 ரூபாய இப்படி போட்டுட்டு திரும்பி வாங்க பதினோரு நாள் மெயில் போட்டேன். போன்லயே வாங்குறீங்கன்னா கோட விட்டுட்டு அந்த பக்கத்துலயே யூபிஐ ஆப் பேர் போட்ட பட்டன் இருக்கும், அத அமுக்குங்க, அதுவே ஆப்ப திறந்து தொகையோட நிறுத்தும்.

"உங்களுக்கு பணம் அனுப்புறேன், இந்த கோட ஸ்கேன் பண்ணுங்க"ன்னு எவனாவது அனுப்புனா ப்ளாக் பண்ணுங்க. பணம் வாங்குறதுக்கு ஸ்கேனும் வேணாம், பின்னும் வேணாம். ஏற்கனவே பின் போட்டு பணம் போயிடுச்சுன்னா யோசிச்சிக்கிட்டு இருக்காம சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு கூப்பிடுங்க.

"இசிம் கோடு மெயில்ல வந்துச்சு, அதே போன்ல தான் போடணும்"

மாமா கத இது தான். அவரு சிம்ம இசிம்மா, அதாவது அட்டை இல்லாம போனுக்குள்ளயே எறங்குற சிம்மா, மாத்த அப்ளை பண்ணிட்டாரு, மெயில்ல கோடு வந்துச்சு, கஸ்டமர் கேர்ல கேட்டா "வேற போன் வெச்சு பண்ணுங்க சார்"னு சொல்லிட்டு வெச்சிட்டாங்களாம். இவரு நேரா பக்கத்து வீட்டுக்கு போயி, தன்னோட போன நீட்டி, "தம்பி உன் போன்ல இத ஸ்கேன் பண்ணு"ன்னு சொல்லியிருக்காரு. அந்த பையன் போன்ல இசிம் சேக்கவான்னு கேட்டு நிக்குது, அப்ப தான் எனக்கு போன். "மாமா, கைய எடுக்க சொல்லுங்க அவன!" நல்ல வேளை அமுக்கல. எந்த போனுக்கு சிம் வேணுமோ அந்த போன் தான் ஸ்கேன் பண்ணணும், இன்னொரு போன் கோட சும்மா காட்டிக்கிட்டு நின்னா போதும். இசிம் கோடு பெரும்பாலும் ஒரே ஒரு தடவ தான் செல்லும், தப்பான போன்ல எறங்கிட்டா திரும்ப முதல்லேர்ந்து அப்ளை பண்ணணும்.

வேற போனே இல்லன்னா? ஐஓஎஸ் 17.4ஓ அதுக்கு மேலயோ இருந்தா மெயில்ல இருக்குற கோடு மேலயே வெரல வெச்சு அழுத்துங்க, "ஆட் இசிம்"னு வரும், வேல முடிஞ்சது. பழைய ஐபோன்னா செட்டிங்ஸ்ல மொபைல் சர்வீஸ், ஆட் இசிம், யூஸ் க்யூஆர் கோட்னு போயி, கேமரா திறந்து நிக்கும்போது கீழ பாருங்க, "என்டர் டீடெயில்ஸ் மேனுவலி"ன்னு இருக்கும்.

அங்க என்ன எழுதுறது? மெயில்லயே சில கம்பெனி எழுதி அனுப்பிடுவாங்க. இல்லன்னா ஸ்க்ரீன்ஷாட்ட லென்ஸ்ல குடுங்க, ஒரு நீள வரி வரும். எல், பி, ஏன்னு மூணு எழுத்து, ஒரு கோலன், ஒண்ணுன்னு ஒரு எண், அப்பறம் டாலர் குறி. டாலர் குறிக்கு அப்பறம் வெப்சைட் அட்ரஸ் மாதிரி ஒண்ணு இருக்கும்ல, அது சர்வர் அட்ரஸ், எஸ்எம்-டிபி ப்ளஸ்னு கேக்குற கட்டத்துல அத போடுங்க. அடுத்த டாலர் குறிக்கு அப்பறம் வர்ற எழுத்தும் நம்பரும் கலந்தது தான் ஆக்டிவேஷன் கோட், அது ரெண்டாவது கட்டத்துக்கு. டாலர் குறிய எதுலயும் சேக்காதீங்க. சாம்சங்ல கட்டம் ஒண்ணு தான் இருக்கும், அங்க எல் பி ஏலேர்ந்து டாலர் குறியோட மொத்த வரியையும் போடணும். டைப் அடிக்காம காப்பி பேஸ்ட் பண்ணுங்க, ஒரு எழுத்து மாறுனாலும் "இன்வேலிட்"னு தான் வரும்.

மாமா போன்ல அப்பறமும் ஏறல. பாத்தா பழைய சிம் அதுக்குள்ள செத்துப்போச்சு, டேட்டா இல்ல, இசிம் எறங்குறதுக்கு நெட் வேணுமே. பக்கத்து வீட்டு பையன் ஹாட்ஸ்பாட் குடுத்தான், ரெண்டு நிமிஷத்துல வந்துடுச்சு. அதனால வைஃபை போட்டுட்டு ஆரம்பிங்க.

"ஆத்தென்டிகேட்டர்ல சேக்க சொல்லுது, கோடு அதே போன் ப்ரௌசர்ல"

ஆத்தென்டிகேட்டர்ங்கிறது லாகினுக்கு ஆறு எண் குடுக்குற ஆப், இதுக்கு ஸ்க்ரீன்ஷாட்டே எடுக்காதீங்க. கோடுக்கு கீழ "கேன்ட் ஸ்கேன் இட்"னு ஒரு லிங்க் இருக்கும், தட்டுனா நீளமா ஒரு கீ வரும், காப்பி பண்ணிட்டு ஆத்தென்டிகேட்டர்ல ப்ளஸ் போட்டு "என்டர் எ செட்டப் கீ"ல ஒட்டுங்க. டைம் பேஸ்டுன்னு இருக்கட்டும். நடுவுல இடைவெளி வந்தா பரவால்ல.

கைல டைப் பண்ண வேண்டி வந்தா ஒரு டிப்ஸ்: அந்த கீல இங்கிலீஷ் எழுத்தும் 2லேர்ந்து 7 வரைக்கும் எண்ணும் தான் வரும். பூஜ்யமும் (0) ஒண்ணும் (1) வரவே வராது. வட்டமா தெரிஞ்சா அது ஓ, குச்சியா தெரிஞ்சா அது ஐ, இல்லன்னா எல்.

எல்லாம் சேத்தாச்சு, ஆனா ஆறு எண்ணும் தப்புன்னே சொல்லுதுன்னா போன் கடிகாரத்த பாருங்க. அந்த எண் நேரத்த வெச்சு தான் 30 செகண்டுக்கு ஒரு தடவ மாறுது, மணி ரெண்டு நிமிஷம் முன்ன பின்ன இருந்தாலும் பொருந்தாது. ஆட்டோமேட்டிக் டைம் போட்டு விடுங்க.

ஏன் ஸ்க்ரீன்ஷாட் வேணாம்னேன்னா, அந்த கோடு தான் சாவியே. கேலரில கெடந்தா க்ளவுட்ல ஏறும், பழைய டேப்லெட்ல எறங்கும். இசிம் கோடுக்கும் இதே தான், கூகுள்ல தேடி வர்ற ஆன்லைன் டீகோடர் சைட்ல இது ரெண்டையும் ஏத்தவே ஏத்தாதீங்க. ஸ்க்ரீன்ஷாட் எடுத்தே தீரணும்னு ஆச்சுன்னா வேல முடிஞ்சதும் ட்ராஷ்லேர்ந்தும் சேத்து அழிங்க.

"ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வர்றதுக்குள்ள எக்ஸ்பயர்டுன்னு வருது"

வாட்ஸப் வெப் மாதிரி லாகின் கோடு எல்லாம் நொடிக்கணக்குல மாறிக்கிட்டே இருக்கும், தொரத்தி பயன் இல்ல, அதுல கேலரி பட்டனும் கெடையாது. வாட்ஸப் வெப்ல போன் நம்பர வெச்சு லாகின்னு இருக்கும், நம்பர் போட்டா எட்டு எழுத்து ஒண்ணு குடுக்கும், வாட்ஸப் ஆப்ல லிங்க்டு டிவைசஸ்ல போயி "லிங்க் வித் போன் நம்பர்"ல அத அடிங்க. இன்னொருத்தர் அனுப்பி வெச்ச லாகின் கோடயோ எட்டெழுத்தையோ மட்டும் உங்க ஆப்ல போட்றாதீங்க, போட்டா உங்க வாட்ஸப் அவங்க கம்ப்யூட்டர்ல திறந்துக்கும்.

பணம் கட்டுற பக்கத்துல டைமர் ஓடுதுன்னா வேற மாதிரி பிரச்சன, ஆப் மாறிட்டு திரும்பி வரும்போது ப்ரௌசர் பக்கத்த புதுசா லோட் பண்ணிடும், பழைய கோடு செத்துடும். பின்னாடி ஓடுற ஆப்ப எல்லாம் மூடிட்டு பண்ணுங்க.

மிச்சம் மீதி

வைஃபை கோடு ஸ்க்ரீன்ஷாட்டா வந்தா ஆண்ட்ராய்டுல வைஃபை செட்டிங்ஸ்ல ஆட் நெட்வொர்க் பக்கத்துல ஸ்கேன் ஐகான் இருக்கும், அதுல கேலரி விடுதான்னு பாருங்க, விடலன்னா லென்ஸ். லென்ஸ்ல வர்ற வரில "பி கோலன்"க்கு அப்பறம் இருக்குறது பாஸ்வேர்டு.

ஆதார் பிடிஎஃப்ல இருக்குற கோட லென்ஸ்ல குடுத்தா பக்கம் பக்கமா நம்பர் மட்டும் வரும். கெட்டுப்போகல, அது அப்படி தான், கையெழுத்து போட்டு பேக் பண்ண டேட்டா, ஆதார் குடுக்குற யூஐடிஏஐயோட ஆப்ல தான் பேரும் படமுமா திறக்கும்.

இத்தனையும் பண்ணி வரலன்னா வீட்ல இருக்குற யாராவது போன ரெண்டு நிமிஷம் கடன் வாங்குங்க, கோட அதுக்கு அனுப்பி, ப்ரைட்னஸ முழுசா ஏத்தி, ஒரு சாண் தூரத்துல வெச்சு உங்க கேமராவால பாருங்க. யாரும் இல்லையா, டிவில யூஎஸ்பிய சொருகியும் காட்டலாம். மாமா அதுக்கு ஒரு படி மேல போயி, ஸ்க்ரீன ரெண்டா பிரிச்சு, மேல கோடு, கீழ முன் கேமரா, பாத்ரூம் கண்ணாடி முன்னாடி நின்னு பாத்திருக்காரு. படிக்கல, ஆனா அத்தை போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டுட்டாங்க.